தட்டில் விழுந்த கீறல்

போன மாதம் ஒரு சாயங்காலம், செங்கல்பட்டு ஃப்ளாட்டில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரணத்தின் பாதியில் சட்டென்று நின்றது. நெட் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தால், வேறொரு போனில் பாடிக்கொண்டிருப்பதாகத் திரை சொல்கிறது. அதற்குக் கீழே உன் பெயர். காபியில் பாதி சமையல் மேடையில் கொட்டிவிட்டது. நீ போய்ச் சேர்ந்து மாசக்கணக்காகிறது. "என்ன விளையாட்டுடா இது?" என்று வாய்விட்டே கேட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் பைத்தியம் என்று பேர் வாங்காமல் தப்பித்தேன்.

அது காசு கட்டிப் பாட்டு கேட்கிற ஆப், என் கணக்கு. ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் பாடும். இன்னொன்றில் போட்டால் முதல் போன் வாயை மூடிக்கொள்ளும். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான்தான் அதை உன் போனில் ஏற்றிக்கொடுத்தேன். அதற்கு முன்னால் அதைப் பற்றி நீ பேசிய பேச்சு கொஞ்சமா? "பாட்டா மச்சான் அது? பவுடர் பால்ல போட்ட டீ மாரி கீது. நாக்குல படுது, தொண்டைக்கு வரல" என்பாய்.

நானும் லேசில் விடுகிறவனா? ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் அத்தனை வருஷம் சண்டை போட்ட பழக்கம். ரிட்டயர் ஆனபின் ஞாயிறுதோறும் உன் திருவிடந்தை வீட்டுக்கு வந்து அதைத் தொடர்ந்தேன். கடல் காற்றில் உன் இசைத்தட்டுகளில் பூஞ்சை பூக்கும். பாட்டுக்கு நடுவே அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். "இதுக்கா இவ்வளவு பவிசு? என் போன்ல ஒரு தூசி கிடையாது" என்பேன். "தூசி இல்ல, ஆளும் இல்ல. இதுல பார்றா, பாடுறவன் மூச்சு இழுக்கறான், கேக்குதா?" என்பாய். கேட்கும். ஆனால் நான் ஒத்துக்கொண்டதில்லை.

ஒருநாள் உன்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துப் பரீட்சை நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர். முதலில் தட்டு, அப்புறம் போன். தட்டில் முள் இறங்கும் சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்க உன் காதைப் பொத்தச் சொன்னேன். இரண்டாவது பாடியதும் நீ தொடையில் தட்டி, "இதான்டா தட்டு!" என்றாய். நான் போனைத் தூக்கிக் காட்டிக் குதித்தேன். நீ எழுந்து வந்து அதைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டாய். அதிலும் அப்பளம் பொரிந்தது. "எவனோ தட்டுலர்ந்து புடிச்சி இதுல ஏத்திகிறான் மச்சான். அப்ப இன்னா அர்த்தம்? ஜெயிச்சது தட்டுதான்!" என்றாய். அன்று உன் வீட்டு வடையைக் கோபத்தில் இரண்டு கூடத் தின்றேன்.

அந்த வடையைத் தங்கச்சி கூடத்து வாசலில் நின்றுதான் நீட்டுவாள். உன் பெண்டாட்டியை முதல்நாளிலிருந்து நான் தங்கச்சி என்றே கூப்பிட்டேன், அவளுக்கு நான் அண்ணன். அவள் ஓரடி உள்ளே வைத்தால் நீ, "ஏய், மெல்ல நட, முள்ளு குதிக்கும்!" என்று கத்துவாய். பிளேயர் முள்ளை நீ மட்டும்தான் தொடலாம். உறையிலிருந்து தட்டை உருவிக் கொடுப்பதோடு என் உரிமையும் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் நீ இருந்த நாட்களில், காலையில் இங்கே என் பாட்டு நின்றால் எனக்கு நிம்மதி. நீ விழித்துவிட்டாய் என்று அர்த்தம். உடனே கூப்பிட்டு, "ஏன்டா என் பாட்டப் புடுங்குன?" என்று சண்டை போடுவேன். "உன் பவுடர் டீய குடிச்சிகினு கீறேன், வுடு" என்பாய். ஒரு காலை பாட்டு நிற்கவில்லை. முதல் பாட்டு முடிந்து, இரண்டாவதும் முழுதாக ஓடியது. அப்புறம்தான் தங்கச்சியின் போன் வந்தது.

அதனால்தான் போன மாதம் பாட்டு நின்றபோது எனக்கு அப்படி ஆயிற்று. தங்கச்சியைக் கூப்பிட்டேன். "பொயுது போவல அண்ணா. அவரு போன்ல தொட்டா பாடுது. ஏன், இன்னா ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். இன்னொரு கணக்கு வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கவில்லை. தினமும் சாயங்காலம் என் பாட்டை அவள் பிடுங்குவாள். சரி, அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று நான் காய் நறுக்கப் போவேன். அவள் கேட்டவை என் போனிலும் தெரியும். அம்மன் பாட்டு, குத்துப்பாட்டு, நீ தகர டப்பா என்று திட்டியவை எல்லாம். உன் கூடத்தில் அதில் ஒன்றுகூட ஒருநாளும் பாடியதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளே கூப்பிட்டாள். ஈசிஆர் சாலையோர ரிசார்ட் ஒன்றில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்ட உன் தட்டுகளைக் கேட்கிறார்களாம், பிளேயர் பெட்டியையும் சேர்த்து. பெங்களூரில் இருக்கும் உன் மகள் கொடுத்துவிடு என்கிறாளாம். "ஞாயித்துக்கெயம எட்துகினு போவ வராங்க. உனுக்கு வேண்டியத மொதல்ல எட்துக்கோ" என்றாள். எனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அந்தக் கூடம் அப்படியே வேண்டும். அதில் நீ வேண்டும்.

ஞாயிறு காலை மாமல்லபுரத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தேன். அவள் பெட்டியின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "குடுக்கறதுக்கு மின்ன ஒரு வாட்டி பாட வுடேன் அண்ணா" என்றாள். நீ அதிகம் தேய்த்த அந்தத் தட்டை உருவிப் போட்டேன். முள்ளைத் தூக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். "நீயே வையேன்."

"ஐயோ, திட்டுவாரு" என்றாள்.

சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு முள்ளைத் தூக்கினாள். தட்டின் ஓரத்தைத் தாண்டிப் பாட்டின் நடுவே இறக்கிவிட்டாள். எடுத்து மறுபடி வைப்பதற்குள் முள் நழுவி, தட்டின் குறுக்கே கர்ரென்று இழுத்தது. எனக்கு உச்சிக்குக் கோபம் ஏறியது, உன் கோபம்தான். அவள் முகம் செத்துவிட்டது. நான் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக் கொடுத்தேன். பாடியது. கீறல் விழுந்த இடம் வந்ததும் சுற்றுக்கு ஒரு தடவை, டக். டக்.

அவள் உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டின் அந்தப் பக்கம் பாடி முடிகிறவரை அசையவில்லை. பிறகு, "இவ்ளோ நல்லாவா பாடும் இது? சமையக்கட்டுல கேட்டா கொழகொழன்னு இருக்குமே. இங்க உக்காந்து நான் கேட்டதே இல்ல அண்ணா" என்றாள். எத்தனை வருஷம்டா! நீயும் நானும் எது ஒசத்தி என்று கத்திக்கொண்டிருந்தோம். உள்ளே ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

ரிசார்ட்டு ஆட்கள் வேனோடு வந்தபோது அவளே வாசலுக்குப் போனாள். "குடுக்கறதா இல்லபா. ஆணி அடிச்சி மாட்டவா அவரு வாங்கி வெச்சாரு?" என்று அனுப்பிவிட்டாள்.

அவளுக்கு இப்போது முள் வைக்க வந்துவிட்டது. சாயங்காலமானால் தட்டுதான் போடுகிறாளாம். உன் போன் அலமாரியில் தூங்குகிறது. அதனால் இங்கே என் பாட்டை யாரும் பிடுங்குவதில்லை. ஒவ்வொன்றும் கடைசிவரை ஓடுகிறது, அது முடிந்தால் அடுத்தது. உன் அந்தப் பாட்டை நேற்றுப் போனில் போட்டேன். தூசி இல்லை, பொரிச்சல் இல்லை, கீறல் விழுந்த இடம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. என்னால் தாங்க முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து வைத்தேன். அந்த இடம் வந்ததும், யாரும் இல்லாத வீட்டில், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி நானே போட்டுக்கொண்டேன்: டக்.