பிளம்பரின் ‘நாளைக்கு’

ஜூன் 3, செவ்வாய்

பாஸ்டரம்மா ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார். ஊழியத்துக்கு வந்த மூன்று வாரமும், கர்த்தர் அன்றன்று என்ன கற்றுக்கொடுத்தார் என்று எழுத வேண்டுமாம். நான் கடைசியாகப் பேனா பிடித்தது வாஷர், எல்போ, டெஃப்லான் டேப் என்று சாமான் லிஸ்ட் போடத்தான். சரி, ஆண்டவர் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் கடல் தாண்டி வந்திருக்கிறோம். மற்ற ஐந்து பேருக்கும் ஏதாவது ஒரு வரம் இருக்கிறது. பாடுகிறார்கள், பொம்மையை வைத்துக் கதை சொல்கிறார்கள். நான் பிளம்பர். இந்த இல்லத்தில் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். கைகழுவ வரிசையாக எட்டுக் குழாய், அதில் தண்ணீர் வருவது மூன்றில். “உங்களுக்கும் அங்க ஒரு ஊழியம் இருக்கு” என்று பாஸ்டர் மர்மமாகச் சொன்னது இதைத்தான்.

இன்று கற்றது: வெளிநாட்டுத் துருவும் நம் ஊர்த் துருவும் ஒரே ஜாதி.

ஜூன் 4, புதன்

பாஷை தெரியாமல் முழித்தேன். சமையலக்காதான் காப்பாற்றினார். இந்த ஊர்க்காரர். ஆனால் பத்து வருடம் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வேலை பார்த்தவர். திட்டு மட்டும் சுத்தத் தமிழில் வருகிறது. காலையிலேயே ஒரு டோஸ் வாங்கினேன், அடுப்படிக்கு வரும் பைப்பைச் சொல்லாமல் அடைத்ததற்கு.

கேட்டில் ஒரு பெண் குழந்தை நிற்கிறது. ஆறு வயது இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை. யார் வந்தாலும் போனாலும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொண்டியைத் தூக்குகிறாள். அவளுக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தேன். மத்தியானத்துக்குள் மொத்த இல்லமும் அப்படியே கூப்பிடுகிறது.

ஜூன் 6, வெள்ளி

நாங்கள் தங்குவது இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதியில். நேற்று மாலை கிளம்பும்போது மற்றவர்கள் பை பை என்று கையாட்டினார்கள். நான் வாய்ப் பழக்கத்தில் “போயிட்டு வரேன்” என்றேன். வாட்ச்மேன் விடவில்லை. சமையலக்காவை இழுத்து வந்து அர்த்தம் கேட்டாள். அவரும் வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொண்டியைத் தூக்கினாள்.

இன்று ஏழரைக்குப் போனபோது கேட்டில் நின்று என்னவோ சொன்னாள். “சொன்ன மாதிரியே வந்துட்டியேன்னு கேக்குறா” என்றார் சமையலக்கா.

போனில் வீட்டுக்காரியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “சொன்ன நேரத்துக்குப் போனீங்களா? நம்ம தெருவுல வெளிய சொல்லிடாதீங்க, மாடி வீட்டு டீச்சர் கட்டையத் தூக்கிட்டு வருவாங்க.” டீச்சர் வீட்டு ஃப்ளஷ் டேங்க் மார்ச் மாதத்திலிருந்து ஒழுகுகிறது. நானும் மார்ச் மாதத்திலிருந்து ‘நாளைக்கு வரேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் ‘நாளைக்கு’ என்பது நாள் கணக்கு கிடையாது. அது ஒரு மரியாதை.

ஜூன் 9, திங்கள்

ஒரு பிள்ளை விடாமல் இப்போது ‘போயிட்டு வரேன்’தான். பாத்ரூம் போவதற்குக்கூட. ஐந்தாவது குழாய் எப்போது முடியும் என்று சமையலக்கா கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதைக் கேட்டு ‘நாளைக்கு’வையும் பிடித்துக்கொண்டார்கள். குளிக்கக் கூப்பிட்டால் “நாளைக்கு”. பால் குடிக்கச் சொன்னால் “நாளைக்கு”. நல்ல ஊழியம் செய்கிறேன்.

ஜூன் 11, புதன்

வார்டன் அம்மா ஆபீஸுக்குக் கூப்பிட்டார். பாஸ்டரும் இருந்தார், முகம் சரியில்லை. திரும்பி வருவேன் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லக்கூடாது, அது இங்கே முதல் சட்டமாம். நான் தினமும் சாயங்காலம் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறேனாம்.

அது வாக்கு இல்லை அம்மா, எங்கள் பக்கம் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம், ‘போறேன்’ என்று சொன்னால் அபசகுனம் என்று விளக்கினேன். சமையலக்கா மொழிபெயர்த்தார். வார்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: அது அந்தக் கேட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா?



ஜூன் 12, வியாழன்

எரிச்சலா வருது. பைப்பு போட வந்தவன்கிட்ட இலக்கணம் பேசுறாங்க. நான் என்ன பொய்யா சொன்னேன்? தினமும் போனேன், தினமும் வந்தேன்ல?

இருபதாம் தேதி ஊருக்குக் கிளம்புற வரைக்கும் சரி. அதுக்கப்புறம்?

ஜூன் 14, சனி

வெங்காயம் உரித்துக்கொண்டே சமையலக்கா சொன்னார். போன வருடம் வந்த குழுவில் ஒரு அக்காவுக்கு வாட்ச்மேன் மேல் உயிராம். கிளம்பும்போது ‘உன் பிறந்தநாளுக்கு வரேன்’ என்று கட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

“அவளுக்குப் பிறந்தநாள் என்னைக்குன்னு யாருக்கும் தெரியாது. அதனால தினமும் போய் கேட்டுல நின்னா. அப்ப நிக்க ஆரம்பிச்சவதான்.”

இவ்வளவு நாள் அவளைக் கேலி செய்து பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

‘பிறந்தநாளுக்கு வரேன்’ சொன்னவள் வரவில்லை, ‘போயிட்டு வரேன்’ சொன்னவன் மறுநாளே வந்தான். அவள் கணக்கு அவ்வளவுதான். ஊரே நம்பாத என் வாயை நம்புவதற்கு என்று ஆண்டவர் ஒரு ஆளை இவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

எட்டுக் குழாயிலும் தண்ணீர்! பாஸ்டர் ஜெபித்து முதல் குழாயைத் திறந்தார். காற்று அடைத்திருந்ததில் ஒரு தும்மல் தும்மி அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் துருத் தண்ணீர். பிள்ளைகள் இந்த இரண்டு வாரத்தில் இப்படிச் சிரித்ததில்லை. பொம்மைக் கதைக்காரர்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

வார்டனிடம் தனியாகப் போய்க் கேட்டேன், நான் நிஜமாகவே திரும்பி வருவதாக இருந்தால் சொல்லலாமா என்று. சமையலக்கா அவர் பதிலைத் தமிழில் சொன்னார்: “சொல்றப்போ எல்லாரும் நிஜமாத்தான் சொல்றாங்க.”

ஜூன் 19, வியாழன்

நாளை கிளம்ப வேண்டும். அவளிடம் என்ன சொல்வது?

‘போயிட்டு வரேன்’ சொல்லக்கூடாது. ‘போறேன்’ சொல்ல நாக்கு எழவில்லை. ஒன்றும் சொல்லாமல் நழுவலாமென்றால், சொல்லாமல் கிளம்புவது சாவு வீட்டிலிருந்துதான். வீட்டுக்காரியிடம் கேட்டேன். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வாள், இன்று செய்யவில்லை. “என்ன தெரியுமோ அத மட்டும் சொல்லுங்க” என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

சமையலக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தேன். “நான் போறேன். திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியாது” என்றேன். பதினைந்து வயதில் தொழிலுக்கு வந்தவன், ஒருத்தரிடம் இப்படி உள்ளதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அக்கா அதை அப்படியே அவளுக்குச் சொன்னார்.

அவள் தமிழிலேயே கேட்டாள். “நாளைக்கு?”

“நாளைக்கு இல்ல.”

அழுதிருந்தால்கூடத் தேவலை. கொண்டியைத் தூக்கினாள், நான் வெளியே வந்ததும் போட்டாள். நேரே குழாய் வரிசைக்குப் போனாள். எட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். வேன் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கீபோர்டு வாசிக்கிற தம்பி ஏன் அண்ணே அழுறீங்க என்றான். தூசி என்றேன். நல்ல வேளை, சின்னப் பையன், நம்பிவிட்டான்.

ஜூன் 23, திங்கள்

வீடு வந்தாயிற்று. காலை எட்டு மணிக்கு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். ஃப்ளஷ் டேங்க் வாஷர் மாற்ற இருபது நிமிடம் பிடித்தது. நான்கு மாதமாக வராத இருபது நிமிடம்.

ஆகஸ்ட் 2, சனி

நோட்டை மூட மனசு வரவில்லை. இன்று ஒரு வீட்டில் ‘இந்த வாரம் முடியாது, வேற ஆள் பாத்துக்குங்க’ என்று சொன்னேன். அந்த வீட்டம்மா சந்தேகமாகப் பார்த்து, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

சமையலக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நான்கு தடவை கேட்டுவிட்டேன்.

மூன்றாவது குழாய் சொட்டுகிறதாம். (என் வேலைதான். வாஷரைச் சரியாக உட்காரவைக்கவில்லை போலிருக்கிறது. மானம் போகிறது.) வார்டன் அந்த ஊர் பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறார். ஆள் வந்து கேட்டிலேயே திரும்பிப் போய்விட்டானாம். “உங்க வாட்ச்மேன் உள்ள விடல. கொண்டியப் பிடிச்சுக்கிட்டு அவன்கிட்ட தமிழ்ல ‘நாளைக்கு’ன்னு சொல்லிட்டா. ரெண்டு தடவ வந்தான், ரெண்டு தடவயும் அதேதான்.”

சிரித்துக்கொண்டே கேட்ட வீட்டுக்காரி, முடிந்ததும் என்னையே பார்த்தாள். பாஸ்டர் மே மாதப் பயணத்துக்குப் பெயர் கேட்டுப் பத்து நாள் ஆகிறது. நான் கொடுக்கவில்லை. அங்கே மறுபடி போய் மறுபடி கிளம்ப என்னால் ஆகாது என்று நினைத்தேன்.

“வருஷா வருஷம் போகணும். ஒரு தடவையோட நிறுத்துறதா இருந்தா இப்பவே போகாதீங்க” என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்குப் போய் முதல் பெயராக எழுதிவிட்டு வந்தேன். அங்கே அவளிடம் மட்டும் யாரும் சொல்லிவிடக்கூடாது என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

மே 18, திங்கள்

கேட்டில் அவள் இல்லை. பார்த்தால் மைதானத்தில் பாண்டி விளையாடிக்கொண்டிருக்கிறாள். வளர்ந்துவிட்டாள். முன்பல் முளைத்திருக்கிறது, கொஞ்சம் கோணல். என்னைப் பார்த்தாள். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாள். ஏற இறங்கப் பார்த்து என்னவோ சொன்னாள்.

“மூணாவது குழாய் ஒழுகுது, லேட்டா வந்திருக்கன்னு சொல்றா” என்றார் சமையலக்கா.

பத்து நிமிட வேலை. சாயங்காலம் கிளம்பும்போதுதான் மறுபடி அதே இக்கட்டு. கேட்டு வரை வந்துவிட்டேன். என்ன சொல்ல? வார்டன் வேறு ஜன்னலில் நிற்கிறார்.

வாட்ச்மேன் ஓடி வந்து கொண்டியைத் தூக்கினாள்.

“போயிட்டு வா” என்றாள்.

“பெரியவங்கள ‘வாங்க’ன்னு சொல்லணும்டி” என்று அடுப்படியிலிருந்து சத்தம்.

மே 19, செவ்வாய்

ஏழு இருபதுக்கே போய்விட்டேன்.