பின்பாரம்

விருதுநகர்
12.8.2006

அன்பு மகன் பாலகுருவுக்கு அம்மா பொன்னுத்தங்கம் எழுதுவது. நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொன்னாய், அந்த ஊர் வெயிலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதைத்தான் போனில் கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கே எல்லோரும் கைகாலோடு இருக்கிறோம், ஒரே ஒரு கை மட்டும் மாவுக்கட்டில் இருக்கிறது, அது உன் மச்சானுடையது. உன் அக்கா பாண்டிச்செல்விக்கு அச்சங்குளம் வெடிக் கம்பெனியில் தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது, ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குப் போகிறாள். அவள் மகள் சினேகா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், குவைத்து மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள், வரும்போது கலர் பென்சில் வேண்டுமாம். மழை எட்டிப் பார்க்கவில்லை. காற்று மட்டும் கண்ணில் மண்ணை வாரி இறைக்கிறது.

போன வியாழக்கிழமை நீ போன் பண்ணியபோது உன் மச்சான் அன்பரசன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் நான் உம் கொட்டியதோடு சரி. உன் பழைய பிக்கப் வண்டி ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது என்று அவர் சொன்னதை நீயும் நம்பிவிட்டு, மச்சான் மனசு கஷ்டப்படும் ஒன்றும் கேட்காதே அம்மா என்று எனக்கே புத்தி சொன்னாய். கஷ்டப்படுவதற்கு முதலில் அது இருக்கவேண்டும். நடந்ததை நான் எழுதுகிறேன், நீ அங்கே கெட்டுப்போன வண்டிகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவன், உனக்குப் படித்தாலே புரியும்.

வண்டி மூன்று வருஷமாக மல்லாங்கிணற்றில் அய்யாதுரை அண்ணன் களத்தில் கிடந்தது உனக்குத் தெரியும். எஞ்சின் இறுகிப் போயிருந்தது. சாத்தூர் பட்டறையில் கொண்டுபோய்ச் சரிபண்ணி, சீசனுக்கு வெடி லோடு அடிக்கலாம் என்று மாப்பிள்ளைக்கு ஆசை வந்தது. ஆசைப்பட்டது தப்பில்லை. அய்யாதுரை அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனவர், டிராக்டரையும் இரண்டு சக்கர டிரெய்லரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு வந்ததும் நானே கூட வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். நாளை வரை பொறுக்க மாப்பிள்ளைக்கு முடியுமா, அவர் பத்து வருஷம் வண்டி ஓட்டியவர் அல்லவா. அந்தப் பத்து வருஷத்தில் எட்டு வருஷம் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து தூங்கியதையும் சேர்த்துக் கணக்கு. களத்தில் உன் வண்டி சுவரைப் பார்த்து நின்றது. மூஞ்சியைத் திருப்பி ஏற்றவேண்டுமானால் நாலு ஆள் சேர்ந்து முன்னும் பின்னும் தள்ளி வளைக்கவேண்டும். அதற்கு அலுத்துக்கொண்டு, மண்மேட்டில் டிரெய்லரை ஒட்டி நிறுத்தி, வண்டியைப் பின்பக்கமாகவே தள்ளி ஏற்றிவிட்டார்கள். வண்டியின் வால் டிராக்டர் பக்கம், எஞ்சின் இருக்கும் மூக்கு டிரெய்லரின் கடைசி விளிம்பில். சக்கரத்துக்குக் கட்டை கிடையாது. சங்கிலி கிடையாது. தண்ணீர்ப் பானை கட்டுகிற மாதிரி நைலான் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார், முடிச்சு மட்டும் பெரிதாக இருந்தது.

அப்படியே விருதுநகர் வந்து சேர்ந்து, நான் சீட்டு எழுதுகிற எடைமேடை வாசலில் நிறுத்தினார். எடை போட வரவில்லை. வருகிற வழியெல்லாம் பிக்கப்பின் முன்சக்கரம் அங்கும் இங்கும் திரும்பிக்கொண்டே இருந்ததாம், அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம், அந்த ஆள் உன் அய்யாவாம். சக்கரத்தைக் கட்டிப்போடத் தெரியாதவர் மாமனாரைக் கட்டையாக வைக்கிறார். அவர் கூப்பிட்டார் என்று உன் அய்யாவும் மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிரெய்லர் மேல் ஏறிப் பிக்கப்பின் கேபினுக்குள் உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டி கடைக்குப் போய் உளுந்து வாங்கி வரச் சொன்னால் முழங்கால் வலிக்கும்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிராக்டரின் பின்பக்கம் லேசாகத் தூக்கினாற்போல நின்றது, கொக்கி மேல்நோக்கி முட்டிக்கொண்டு இருந்தது. பத்தொன்பது வருஷமாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து போய், மாப்ள, டிராக்டர மட்டும் மேடையில ஏத்துங்க, டிரெய்லர் வெளிய நிக்கட்டும் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே ஏற்றினார். அய்யாதுரை அண்ணன் டிராக்டர் வெறும் வண்டியாக ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது கிலோ, மிளகாய் லோடு கொண்டுவரும்போதெல்லாம் நான் எழுதுகிற எண் அது. அன்றைக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பதுதான் காட்டியது. இருநூறு கிலோ எங்கே போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரெய்லர் பின்பாரமாகி டிராக்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். பெரிய சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லாமல் இறக்கத்தில் போனால், முன்னால் போகிறவன் இழுக்கமாட்டான், பின்னால் வருகிறது இவனைத் தள்ளும். இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். இறக்கித் திருப்பி ஏத்துங்க மாப்ள, நானே லோடுமேன்கள நாலு பேரு கூப்பிடுதேன் என்றேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். அத்தே, நீங்க சீட்டு எளுதுறதோட நிறுத்திக்கிடுங்க, வண்டி ஓட்டுறது ஆம்பளக வேல. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி பலவேசம் அண்ணாச்சி வேறு, பின்னால அஞ்சு லாரி நிக்குது, குடும்பச் சண்டைய வீட்ல வச்சுக்கிடுங்க என்று சத்தம் போட்டார்.

சரி, மாப்பிள்ளையைத்தான் திருத்த முடியாது, என் புருஷனையாவது இறக்குவோம் என்று டிரெய்லர் பக்கம் போனேன். இறங்குங்க என்றேன். மாப்ள சொல்லிட்டாக, நான் எப்படி எறங்குறது, அவுக மரியாத என்னாவுறது என்றார். உயிரைவிட மாப்பிள்ளையின் மரியாதை பெரிது. இறங்கமாட்டீகளா என்று இன்னொரு தரம் கேட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார், என்னமோ வண்டி ஓடுகிற மாதிரி. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டயரில் கால் வைத்து ஏறி, மறுபக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். போவோம், சேந்தே போவோம் என்றேன். லோடுமேன் ஒருவன், சப்பரம் கெளம்பிருச்சுடோய், சாமியும் அம்மனும் ஏறிட்டாக என்று கத்தினான். எடைமேடையே சிரித்தது. உன் அய்யாவுக்கு ஊர் சிரித்தால் தாங்காது. ஏ பொன்னு, எறங்கித் தொல என்று பல்லைக் கடித்தார். நீங்க முதல்ல என்றேன். அவர் இறங்கினார், நானும் இறங்கினேன். மாப்பிள்ளை டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். உன் அய்யா என்னோடு கோபித்துக்கொண்டு ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் போன் வந்தது. சாத்தூர் ரோட்டில் நாலுவழிச் சாலைக்காகப் பாலம் போடுகிற இடத்தில் வண்டிகளை ஓரத்து மண்பாதையில் இறக்கி விடுகிறார்கள், அந்த இறக்கத்தில்தான் நடந்திருக்கிறது. நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மண் சுமக்கிற செல்லத்தாய் என்ற பெண் நேரில் பார்த்ததைச் சொன்னாள். எக்கா, மேல வரும்போதே டிரெய்லரு பாம்பு மாதிரி நெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு, பாதி இறக்கத்துல அது குறுக்க திரும்பவும் அந்தாளு டிராக்டர விட்டுட்டுக் குதிச்சுட்டாரு, நாங்க அம்புட்டுப் பேரும் கஞ்சி குடிக்க அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தோம், இல்லன்னா எங்க மேலதான் விளுந்திருக்கும் என்றாள். ஆறு பொம்பளைகள், பாலகுரு. அவர்கள் மண்ணை அள்ளுகிற குழிக்குள்தான் உன் வண்டி கயிற்றை அறுத்துக்கொண்டு தலைகீழாக விழுந்து கிடந்தது. டிராக்டர் மண்குவியலில் முட்டி நின்றுவிட்டது, அதற்கு மாப்பிள்ளையைவிட புத்தி அதிகம். அவர் ரோட்டோரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரிடமும் தான் தூக்கி எறியப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், அத்தே, போகும்போதே வாய வச்சீக, பலிச்சிருச்சு பாத்தீகளா, ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், இது வண்டிதான என்றார். அங்கே நான்கு தட்டிப் பந்தல் இருந்தது, ஓர் ஓலைகூடப் பறக்கவில்லை. இரண்டு டன் வண்டியை மட்டும் காற்று தேர்ந்தெடுத்துத் தள்ளியிருக்கிறது.

உன் அய்யா குழிக்குள் இறங்கினார். கேபினின் கூரை சீட்டோடு ஒட்டி அமுங்கியிருந்தது, இடையில் கைகூட நுழையாது. ஸ்டியரிங் வளைந்து சீட்டுக்குள் குத்தியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார், நானும் செல்லத்தாயும் சேர்ந்துதான் தூக்கிவிட்டோம். மேலே வந்து மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை, அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

உன் அக்கா கம்பெனி உடுப்போடு ஓடி வந்தாள், கையெல்லாம் வெடிமருந்து. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு என்னிடம், யம்மா, அவுகள நாலு பேருக்கு முன்னாடி ஒண்ணும் சொல்லிராத, நான்தான் அவுககூட இருக்கணும் என்றாள். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அன்றைக்கே இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். வண்டியை எப்படி ஏற்றவேண்டும் என்று நீ போன மாசமே உன் மச்சானுக்குப் போனில் படித்துப் படித்துச் சொன்னாயாம். எஞ்சின் பக்கம் முன்னால் வரவேண்டும், பத்தில் ஆறு பங்கு பாரம் அச்சுக்கு முன்னால் விழவேண்டும், நாலு மூலைக்கும் சங்கிலி, சக்கரத்துக்குக் கட்டை, கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தித் திரும்ப இறுக்கவேண்டும், உள்ளே ஆள் உட்காரக்கூடாது. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் சொல்லாதீங்க பயப்படும் என்றும் சொன்னாயாமே. பாரத்தை நிறுத்து எழுதிப் பிழைக்கிற தாயிடம் சொல்லாமல், பாரம் என்றால் என்னவென்றே தெரியாதவரிடம் சொன்னாய். உன் மச்சான் மேல் எனக்கு இருக்கிற எரிச்சலில் பாதியை உனக்கு வைத்திருக்கிறேன், வந்ததும் வாங்கிக்கொள்.

மறுநாள் அய்யாதுரை அண்ணன் வந்தார். தன் டிராக்டரைச் சுற்றிப் பார்த்தார், வளைந்த கொக்கியைக் கழற்றிவிட்டு வேறு போட்டார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நீங்க சொல்லுங்க தங்கச்சி, எப்படி ஏத்தலாம் என்று என்னிடம் கேட்டார். இந்த வயது வரைக்கும் என்னிடம் ஓர் ஆண்பிள்ளை அப்படிக் கேட்டதில்லை. பாலம் வேலை பார்க்கிற ஜேசிபிக்காரர் வண்டியை நிமிர்த்தித் தூக்கி வைத்தார். மூக்கு டிராக்டர் பக்கம். அச்சு எங்கே வருகிறது என்று நான் கீழே குனிந்து பார்த்து, இன்னும் ஒரு முழம் முன்னால் தள்ளச் சொன்னேன். சங்கிலி நாலு, கட்டை எட்டு, ஸ்டியரிங்கைக் கயிறு போட்டுக் கட்டினோம், ஆளை அல்ல. டிரெய்லர் டயருக்குக் காற்று அடித்தோம். நான் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தால் சங்கிலி ஒன்று தளர்ந்திருந்தது, இறுக்கினோம். வழியில் ஓர் எடைமேடை இருந்தது, டிராக்டரை மட்டும் ஏற்றினோம், இரண்டாயிரத்துப் பத்து காட்டியது, பாரம் முன்னால் வந்துவிட்டது. இறக்கத்தில் முதல் கியர், மற்ற இடத்தில் சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகம். மாப்பிள்ளை மாவுக்கட்டோடு சினேகிதன் மொபெட்டில் பின்னாலேயே வந்து, இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாம் என்று சைகை காட்டினார். அய்யாதுரை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பட்டறையில் சொல்லிவிட்டார்கள், கூடு இனி உதவாது, எஞ்சினைப் பிரித்து வேறு வண்டிக்கு வைக்கலாமாம். மாப்பிள்ளை அடுத்த வண்டியைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார், உன்னிடமும் பேசுவார். நீ என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது, அந்த வண்டியின் பக்கம் உன் அய்யா போகமாட்டார், அது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுவதற்கே யோசிக்கிற அந்த மனுஷன் நேற்று எடைமேடைக்கு வந்து, என் ஜன்னலுக்கு வெளியே நின்று, அந்த எண்ணை நீ எப்படிப் பார்ப்ப என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். ஐந்து லாரி காத்திருந்தது, அண்ணாச்சி சத்தம் போட்டார், போடட்டுமே.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை. உன்னை மாரியம்மன் காப்பாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும், நல்லபடியாக நூறு வருஷம் இருக்கவேண்டும். உன் அய்யாவும் அக்காவும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மற்ற எதற்குப் பதில் போடாவிட்டாலும் இதற்குப் போடு. உங்கள் கம்பெனியில் ஏற்றிப் போகிற வண்டிக்குள் ஆளை உட்காரச் சொல்வார்களா? உன்னை எப்போதாவது உட்காரச் சொன்னார்களா? சொன்னால் இறங்கிவிடு மகனே. யார் சிரித்தாலும் இறங்கிவிடு. அங்கே உன் பக்கத்தில் ஏறி உட்கார நான் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னுத்தங்கம்