பதினோராம் எண் நாடு

மார்ச் 4
நாடுகளின் ஆட்சிமுறையை அளக்கும் எங்கள் ஆய்வு மையத்துக்கு இன்று பதினோராம் கோப்பு வந்தது. வழக்கம்போல நாட்டின் பெயர், தலைவர் பெயர் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போடுவோம். ஜனநாயகமா, சர்வாதிகாரமா, இரண்டும் கலந்ததா என்று அதை வைத்துத்தான் முடிவாகும். மாதக் கடைசி வரை புதுச் செய்தி வந்தால் கோப்பில் சேரும்.

கலப்பு ஆட்சி என்றால் பாதி வழியில் நிற்பது என்று நினைத்திருந்தேன். ஆய்வை நடத்தும் பேராசிரியர் சிரித்தார். “வழியாவது! அங்கயே வீடு கட்டிக் குடித்தனம் பண்றாங்கம்மா.”

மார்ச் 6
அசந்துபோனேன். நாள் தவறாமல் தேர்தல். எதிர்க்கட்சி மூன்று. யாரையும் அடிப்பதில்லை. ஆனால் எதிர்க்கட்சி கூட்டம் போட்டால் மண்டபத்துக் கூரையில் பழுதுபார்ப்பு வந்துவிடும். குறை எழுதிய பத்திரிகைக்கு மறுநாளே தீயணைப்புச் சோதனை. எல்லாவற்றுக்கும் ஒரு விதி எண் உண்டு! கோபம் வர வேண்டும், வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறேன். யார் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தது?

கேள்வி 27: ஆளுங்கட்சி தோற்க வாய்ப்புண்டா? நாலுக்குப் பூஜ்யம் போட்டேன். கை கூசவில்லை.

மார்ச் 9
அக்கா போன் செய்தாள். தலைமையாசிரியை அல்லவா, ஞாயிற்றுக்கிழமை நகராட்சித் தேர்தலுக்கு அவள் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு அவள்தான் அதிகாரி.

“முடிவுத் தாள்ல இப்பவே வெறுமனே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். எண்ணிக்கையை மேல இருக்கறவங்களே எழுதிக்குவாங்களாம்.”

“போட்டுடுக்கா. ரிடையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. எதுக்கு வம்பு?”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வெற்றுத் தாளில் கையெழுத்து — கோப்பில் அறுபதாம் பக்கம். கூரைப் பழுது — எங்கள் தெருமுனை மண்டபம்! ஐந்து நாளாக என் நாட்டையே படித்திருக்கிறேன். தெரியவில்லையே. எனக்கே தெரியவில்லையே!

மார்ச் 10
பேராசிரியரிடம் சொன்னேன். சொந்த நாட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது. எண் மாறி என் மேசைக்கு வந்துவிட்டதாம். கோப்பை வாங்கிக்கொண்டார், என் மதிப்பெண் செல்லாது.

செல்லாவிட்டால் என்ன? அக்கா மாதிரி ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று நம்பித்தானே அந்தப் பூஜ்யத்தைப் போட்டேன்? போதாததற்கு, போடு என்று சொன்னதும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15
வாக்குப்பதிவு. அக்கா போன் எடுக்கவில்லை.

மார்ச் 16
போடவில்லையாம்! வாக்குகளை எண்ணி, எழுதி, கையெழுத்திட்டு, தாளைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டிவிட்டாள். ஜனங்கள் படம் எடுத்துப் பரப்பியதும் இன்னும் நாலு சாவடிகளில் ஒட்டியிருக்கிறார்கள். நகராட்சியில் ஆளுங்கட்சி தோற்றுப்போனது.

“பயமா இல்லையாக்கா?”

“இல்லாம இருக்குமாடி? எழுதின ஏழு, ஒண்ணு மாதிரி விழுந்திருச்சு. அடிச்சுட்டுத் திரும்ப எழுதினேன்.”

என் அக்காவா! கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிறவள்.

ஏப்ரல் 2
அக்காவுக்கு மாற்றல், எல்லையோர ஊருக்கு. உத்தரவில் விதி எண் இருக்கிறது.

பதினோராம் எண் நாட்டின் முடிவும் வந்தது. பழையபடி கலப்பு ஆட்சிதான். கேள்வி 27-க்கு மட்டும், நகராட்சித் தேர்தல் செய்தியும் சேர்ந்த கோப்பைப் புதிதாகப் படித்த இருவருமே பூஜ்யம் போடவில்லை. உடனே போன் செய்தேன்.

“நாலுக்கு ஒண்ணு வாங்கியிருக்கோம்க்கா.”

“அப்ப ஃபெயில்தானே?”

“ஃபெயில்தான்.”

சிரித்தாள். “சரி, பெட்டி கட்டணும். வந்து கூடமாட ஒத்தாசை பண்ணு.”

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.