அப்பாவின் துப்பாக்கி யார் பேருக்கு

ஜூன் 9, செவ்வாய்

அப்பாவின் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் தரவில்லை. காலையிலேயே கொளுத்தும் வெயில், காற்றில் மண். தேர்தல் முடிந்து லைசென்ஸ்காரர்கள் எல்லாம் அவரவர் துப்பாக்கியை வாங்கிப் போகிறார்கள் என்று கேள்வி. கமிஷன் கடையையும் வெங்காய லோடையும் ஆட்களிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

தேர்தல் அறிவித்த வாரமே ஒப்படைத்தவர் அப்பா. திரும்ப வாங்க அவர் இல்லை. பங்குனியில் போய்விட்டார்.

ஏட்டு தன்மையான ஆள். நாற்காலி போட்டார். “ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் இங்க விட்டுட்டு, வாரா வாரம் எண்ணெக் கிண்ணத்தோட வந்துருவாருங்க ஒங்க ஐயா. ஆஸ்பத்திரில புள்ளையப் பாக்க வர மாதிரி. இந்தத் தடவ நாங்களே தொடச்சு வச்சிருக்கோம்.”

வாங்கிப் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

சட்டம் இதுதான்: வாரிசு பேருக்கு லைசென்ஸ் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் திருச்சி துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்க வேண்டும். வாரிசு நானும் அக்காவும் மட்டும். அக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் என் பேருக்கு வந்துவிடும்.

நாளைக்கு: வாரிசுச் சான்று நகல். லாரி டயர். கலாவின் மூக்குக் கண்ணாடி (மறந்தால் தொலைந்தேன்).

ஜூன் 10, புதன்

கண்ணாடி வாங்கியாச்சு. டயர் இல்லை.

வீட்டில் கலாவிடம் சொன்னேன், துப்பாக்கி நம் கடைக்கு வரப்போகிறது என்று.

“எதுக்குங்க? ஒங்களுக்கு மிக்ஸி போடவே பயம்.”

அவளுக்குப் புரியாது. பண்ணையில் காவலுக்கு இருந்த தாத்தாவுக்கு, பண்ணைக்காரர் ஊரை விட்டுப் போகும்போது விட்டுப்போனது. ஒற்றைக் குழல், குழல் வாயிலேயே மருந்து போட்டு இடிக்கிற பழைய ரகம். கையகல நிலம் கிடையாது அப்போது. எங்கள் குடும்பத்துப் பெயர் சர்க்கார் முத்திரையோடு வந்த முதல் காகிதம் பட்டா இல்லை, அந்த லைசென்ஸ்தான். பட்டா அதற்கு ரொம்ப நாள் கழித்து, அப்பா காலத்தில்.

கடையில் என் தலைக்கு மேல் மாட்ட வேண்டும். நாலு பேர் பார்க்கட்டும் என்கிற ஆசைதான். இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்.

ஜூன் 12, வெள்ளி

குன்னம் தாலுகா ஆபீஸ். மின்விசிறி ஓடவில்லை. கிளார்க் சின்ன வயசு, வாய் நீளம்.

“இது பயிர் பாதுகாப்பு லைசென்ஸ் சார், காட்டுப்பன்னி வெரட்ட. ஒங்க பேர்ல நெலம் எவ்வளவு?”

நிலம் இல்லை. என் பாகத்தை விற்றுத்தான் குடோன் வாங்கினேன். அந்த விற்பனையை இன்றுவரை புத்திசாலித்தனம் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

“குடோன் இருக்குப்பா. அதுல மக்காச்சோளம், வெங்காயம்லாம் இருக்கு.”

“குடோனுக்குள்ள பன்னி வருதா சார்?”

“எலி வருது.”

“பூனை வளத்துங்க சார். லைசென்ஸே வேண்டாம்.”

பக்கத்து மேசைக்காரர் வரைக்கும் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். காரில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு இல்லையென்றால் திருச்சிக் கடைதான் என்று முடிவு. அக்காவுக்குப் போன்: “ஒப்படைக்க ஒன் கையெழுத்து வேணும்.” “சரி” என்றாள். வைத்துவிட்டாள். சாப்பிட்டியா என்று கேட்காமல் போனை வைக்கிறவள் இல்லை அக்கா.

ஜூன் 13, சனி

மதியம் அக்கா கடைக்கு வந்தாள். பஸ்ஸில். மாமா இறந்த பிறகு ஊரில் அப்பாவும் அவளும்தான் வெள்ளாமை பார்த்தார்கள். இப்போது அவள் பேரில் உள்ள பாகத்தில் அவள் மட்டும். சோடா வாங்கிவரச் சொன்னேன், வேண்டாமாம். உட்காரவும் இல்லை.

“எங்கடா போடணும் கையெழுத்து?”

காட்டினேன். பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டாள்.

“திருச்சிக்காரன் அத என்ன பண்ணுவான்?”

“வச்சிருப்பான். கேக்க ஆளில்லாட்டி ஒடச்சுருவாங்க.”

“ஒடச்சுருவாங்களா.”

தராசுத் தட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். திடீரென்று:

“நீ ஒரு நாளாச்சும் அத வெடிச்சிருக்கியாடா?”

“அப்பா தொட விட்டாத்தானே?”

“அவரு விடலையா? மருந்து இடிக்கறப்பவே நீ காதப் பொத்திக்கிட்டு வைக்கப்போருக்குப் பின்னால ஓடிருவ. ஒன்னய நம்பி என்னத்த விடறது?”

மூட்டை தூக்கும் முருகேசன் சாக்கு எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“சரி, அப்பாவுக்குக் கண்ணுல பொர விழுந்து எத்தன வருசமாச்சு? கதுரு புடிக்கறப்ப பன்னி எறங்குச்சுன்னா வெடிச்சது யாருன்னு நெனச்ச?”

“அப்பாதான்.”

“அப்பா பக்கத்துல நின்னு ‘இப்ப, இப்ப’ன்னு கத்துவாரு. வெடிச்சது நான். குண்டு கிண்டு இல்ல, வெறும் சத்தம். விடிஞ்சதும் டீக்கடைல போயி, ‘நேத்து ஒரு வெடி வெடிச்சேன் பாரு’ம்பாரு. நானும் ஆமாம்ப்பான்னு விட்டுருவேன். கெழவனுக்கு அதுல ஒரு சந்தோசம்.”

‘எங்கப்பா வெடிச்சா பன்னி அரியலூர்ல போயித்தான் நிக்கும்’ என்று லாரி டிரைவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

“அவரும் இல்ல. அதுவும் போயிட்டா அந்தக் காட்டுல நான் எத வச்சுக்கிட்டுடா நிப்பேன்?” என்றாள். அழவில்லை. மூக்கை மட்டும் முந்தானையில் துடைத்தாள். கையெழுத்துப் போடாமல் போய்விட்டாள்.

ஜூன் 14, ஞாயிறு

கடை லீவு. கோழிக் குழம்பு.

எனக்கு வேண்டியது சுவரில் மாட்ட. அவளுக்கு வேண்டியது காட்டில் நிற்க. இரண்டும் ஒன்றா? சரக்கு யாருக்குப் பயனோ அவரிடம் போக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வியாபாரம் பேசுகிறவன் நான்.

கிளார்க்குக்குப் போன் செய்தேன். (நம்பர் வாங்கி வைத்தது நல்லதாயிற்று.) “பொம்பளைங்க பேருக்குக் குடுப்பாங்களாப்பா?” “தாராளமா சார். நெலம் இருக்குல்ல? விசாரணைக்கு வரப்ப தைரியமா பதில் சொல்லணும், அவ்வளவுதான்.” என் அக்காவின் தைரியத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது.

கலா: “நான் அப்பவே சொன்னேன்.” எப்போது சொன்னாள்?

ஜூன் 16, செவ்வாய்

லேசான தூறல், மண்வாசனை வருமுன்னே நின்றுவிட்டது. அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ், மனு கொடுத்தோம். அப்புறம் ஸ்டேஷன். ஆர்டர் வரும்வரை அங்கேதான் இருக்கும். ஏட்டு பார்க்க மட்டும் எடுத்துக் காட்டினார்.

கட்டையில் அப்பா கன்னம் வைக்கும் இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அக்கா மோந்து பார்த்தாள்.

“யாருங்க நல்லெண்ணெ போட்டது?”

“நாந்தாம்மா,” என்றார் ஏட்டு.

“பிசுக்குப் புடிச்சுக்கும்ங்க. தேங்காண்ணெதான். அடுத்த வாரம் நான் கொண்டாரேன்.”

“ஐயா போயி அம்மா வந்தாச்சு. வாங்க வாங்க,” என்றார் அவர்.

வெளியே டீக்கடை. நான் இன்னும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பதிலுக்கு என்ன என்றேன்.

“கூடப் பொறந்தவகிட்டயே பேரமாடா?”

“வெலையில்லாம சரக்கு கை மாறுனா நல்லதில்லக்கா.”

“சொல்லித் தொல.”

பேசினோம், ஆளுக்கு இரண்டு டீ ஆகும் வரைக்கும். கடைக்காரர் எங்களுக்குள் சண்டை என்று நினைத்து நடுவில் வந்து பார்த்துப்போனார். முடிந்தது இப்படி:

துப்பாக்கி அக்கா பேருக்கு. ஆயுத பூஜைக்கு மட்டும் என் கடைக்கு வரும். அவளே தூக்கி வருவாள், அவளே பொட்டு வைப்பாள், நான் தொடக் கூடாது. அன்று ராத்திரி அவள் என் வீட்டில் தங்க வேண்டும், மறுநாள் நான் என் காரில் அனுப்பிவைக்க வேண்டும். இத்தனை வருஷமாக வேறு கமிஷன் கடைக்குப் போட்டுவந்த மக்காச்சோளத்தை இந்தத் தையிலிருந்து எனக்குப் போடுவாள். எடை என் தராசில் கிடையாதாம். வெளியில் லாரி எடை மேடையில் போட்டு, சீட்டை அவள் கையில் கொடுக்க வேண்டும். சரி என்றேன்.