ரெஜினா சொன்ன ‘சரி’

புதுக்கொல்லை,
செய்யூர் வட்டம்.
ஆகஸ்ட் 3

அன்பு மகன் பிரதர் கிருபாகரனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். ரோமாபுரியில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் தினமும் உன் பெயரைச் சொல்கிறேன். இங்கே எனக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை. போன வாரம் இரண்டு மழை பெய்தது. நம் கோயிலுக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டார்கள். இப்போது கடல்காற்று நேராக உள்ளே வந்து பீடத்து மெழுகுவத்தியை அணைக்கிறது. பூசை நடுவில் நான் எழுந்து எழுந்து போய் ஏற்ற வேண்டியிருக்கிறது.

போனில் பேசினால் எனக்குக் கோபம் முதலில் வருகிறது, விஷயம் பின்னால்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எதிர்வீட்டு ஜெனிட்டா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

உன் அக்கா ரெஜினா செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கர்ப்பப்பையில் வந்த வியாதி ஈரலுக்குப் போய்விட்டதாம். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம். அவள் புருஷன் ஹரிஹரன் போன் செய்து சொன்னான். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் போனை வைக்காமல் இருந்தான். நானும் வைக்கவில்லை.

நான்கு வருடமாக நான் ஊரப்பாக்கத்தில் அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். பிறந்த பதினெட்டாம் நாள் நான் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்த பிள்ளை. அது செல்லாது என்று சொல்லி, மாமல்லபுரத்துப் பக்கம் கடலில் இறங்கி, அல்லேலூயா சபைப் பாஸ்டர் கையால் மறுபடியும் முழுகி எழுந்தாள். ஊருக்கே வேதம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் மகள் செய்கிற வேலையா இது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசகம் வாசிக்க எழுந்தபோது ஊரே தலையைக் குனிந்துகொண்டது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது என் கவலை ஒன்றே ஒன்று. அவள் போய்விட்டால் எங்கே படுப்பாள்? அவர்கள் சபைக்கென்று கல்லறை கிடையாது. நம் கல்லறையில் உன் அம்மா எல்லம்மாளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. எனக்கென்று வைத்தது. அதை அவளுக்குக் கொடுத்துவிடுவேன். ஆனால் திருச்சபையை விட்டுப் போனவர்களுக்கு நம் கல்லறையில் இடமும் இல்லை, துக்கமணியும் இல்லை. முப்பத்தோரு வருடமாக இந்தச் சட்டத்தை நான்தான் காவல் காக்கிறேன். நம் ஊர் வேண்டாவின் புருஷன் அந்தச் சபைக்குப் போய்ச் செத்தபோது, மணிக்கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துக்கொண்டவன் நான். ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

ஆகவே அவள் சாகும் முன் திரும்பி வர வேண்டும். தன் வாயால் சொல்ல வேண்டும்.

நீ அங்கே ஆராய்ச்சி செய்கிற விஷயத்தைப் போன முறை எழுதியிருந்தாய். மனிதன் கடவுளுக்குச் ‘சரி’ சொல்வது அவனாகச் சொல்வதா, கடவுளே உள்ளிருந்து சொல்ல வைப்பதா என்று நானூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் சேசு சபைக் குருக்களும் தோமினிக் சபைக் குருக்களும் பாப்பரசர் முன்னிலையில் பத்து வருடம் போல வாதாடினார்கள், கடைசியில் அவர் இரண்டு கட்சியையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, தீர்ப்பைப் பிறகு சொல்கிறேன், அதுவரை ஒருவரை ஒருவர் தப்பறைக்காரன், வேத விரோதி என்று ஏசக்கூடாது என்றார், அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை என்று. செங்கல்பட்டுக் கோர்ட்டில் வாய்தா போடுவது மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். அது எனக்கு வேண்டாம். அதே காலத்தில் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று கிளம்பிய கூட்டத்துக்கு உங்கள் பண்டிதர்கள் எழுதிய பதில்கள் இருக்குமே, அவற்றை நல்ல தமிழில் எழுதி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

உன்னை வரச் சொல்லவில்லை. பரீட்சை நேரம் என்று தெரியும். மேலதிகாரியிடம் உத்தரவு கேட்பதெல்லாம் பெரிய பாடு.

அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் உன்னைக் காப்பாராக.

உபதேசியார்
முத்துசாமி


புதுக்கொல்லை
ஆகஸ்ட் 24

அன்பு மகனுக்கு,

நீ எழுதி அனுப்பிய பதினான்கு பக்கமும் வந்தது. ஜெனிட்டா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் இடது பாதியில் அவர்கள் வாதம், வலது பாதியில் நம் பதில். அந்தக் காலத்தில் உங்கள் பண்டிதர் ஒருவர் எதிராளியின் வாதத்தை எதிராளியே சொல்லாத அழகில் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் பதிலைத் தொடங்குவார், அதைப் பார்த்து நம் ஆட்களுக்கே பயம் வந்தது என்று குறிப்பு எழுதியிருந்தாய். பயந்தது நியாயம்தான். இடது பக்கத்தைப் படித்தால் எனக்கே சரிபோலத் தோன்றியது. அதனால் கத்தரிக்கோலை எடுத்து எல்லாத் தாளையும் நடுவில் வெட்டி, வலது பாதியை மட்டும் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில், இதை அக்காவிடம் வாசிக்க வேண்டாம், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தாய். உனக்கு இளகின மனசு. அம்மா வளர்ப்பு அப்படி. அப்புறம் எதற்காகப் பதினான்கு பக்கம் எழுதினாய்?

ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன். மதுராந்தகத்தில் பஸ் மாறி, பத்து மணிக்குள் வார்டுக்குப் போய்விடுகிறேன். ரெஜினா ரொம்ப இளைத்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. நான்கு வருடத்துப் பேச்சு எதையும் எடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள்.

முதல் நாள் நன்றாகவே வாதாடினாள். பதினெட்டு நாள் குழந்தையிடம் சம்மதம் கேட்டாயா என்றாள். மூன்றாம் பதிலை வாசித்தேன். வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று வேதத்தில் இருக்கிறதே, அந்த வீட்டில் குழந்தை இல்லாமலா இருந்திருக்கும் என்று கேட்டேன். அதற்கு அவள், குழந்தை இல்லை என்று பதினோரு வருடம் நான் அழுதபோது சபைக்காரர்கள் வாரா வாரம் வீட்டுக்கு வந்தார்கள், நீ கோயில் வேலை என்று வரவே இல்லை என்றாள். இது வாதமே அல்ல, இதற்கு உன் தாளில் பதிலும் இல்லை. அடுத்ததற்குப் போய்விட்டேன். இது தம்பி எழுத்தா என்று கேட்டுத் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். படிக்கவில்லை. விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தடவை போனபோது பேச்சு குறைந்துவிட்டது. அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். பதில்கள் உள்ளே இறங்குகின்றன என்று நினைக்கிறேன். ஸ்ரீதேவி என்று ஒரு நர்ஸ், ஐயா, அந்தம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று என்னிடம் சொல்ல வந்தாள். தொந்தரவு செய்யவில்லை தாயே, மீட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஹரிஹரன் வண்டி ஓட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடக்கிறான். நான் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வைக்கிறான். நான் தொடுவதில்லை. அவன் கையால் சாப்பிட்டால் நாளைக்கு வாதத்தில் வாய் கூசும்.

ஒன்பது பதில் முடிந்தது. ஐந்து பாக்கி. நமக்கே ஜெயம் என்று மனசு சொல்கிறது. நீயும் ஜெபி.

உபதேசியார்
முத்துசாமி


புதுக்கொல்லை
செப்டம்பர் 19

என் மகனே,

இதை ஜெனிட்டாவிடம் கொடுக்கவில்லை. செய்யூர் தபாலாபீசில் சேர்க்கிறேன். வரும்போது வரட்டும். அக்கா போய்விட்டாள், அடக்கம் நன்றாக நடந்தது, மணி அடித்தோம் என்று மட்டும்தான் உன்னிடம் போனில் சொன்னேன். நீ அழுதாய். நான் அழவில்லை என்று நீ கவனித்திருப்பாய். அன்று நான் ஜெயித்தவனாக இருந்தேன்.

அது வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கட்டில் பக்கத்தில் நின்று பன்னிரண்டாவது பதிலை வாசித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து வாசித்தால் குரல் எடுப்பதில்லை, உனக்குத் தெரியும், கோயில் பழக்கம். பாதியில் ரெஜினா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள்.

“சரிப்பா. நீ சொல்றதே சரி. எம்மாநேரம் நின்னுகினே கீற, கொஞ்சம் குந்துப்பா.”

இதுதான் அவள் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு ‘சரி’ மட்டும்தான் காதில் விழுந்தது. சாமியாரைக் கூட்டி வருகிறேன், இரு என்றேன். அவள் கையை விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

செங்கல்பட்டிலேயே கோயில் இருக்கிறது. பத்து நிமிட நடை. அங்கிருந்து ஒரு குருவை அழைத்திருக்கலாம். ஆனால் கல்லறைக்கு இடம் தர வேண்டியவர் நம் பங்குச் சாமியார், அவர் தன் காதால் கேட்டால்தான் ஊரில் யாரும் பேச மாட்டார்கள் என்று என் புத்தி போயிற்று. போன் செய்தேன், எடுக்கவில்லை. மதுராந்தகத்துக்கு ஒரு பஸ், செய்யூருக்கு ஒரு பஸ். சாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படியே கை கழுவிவிட்டு என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் வார்டுக்குள் நுழையும்போது மூன்றேகால். இரண்டரைக்கு முடிந்துவிட்டிருந்தது.

மறுநாள் அடக்கம். பெட்டியின் தலைமாட்டில் நின்று ஊரைப் பார்த்து, என் மகள் தன் வாயால் ஒப்புக்கொண்டு திருச்சபைக்குத் திரும்பினாள், நான் சாட்சி என்றேன். மணியை நானே அடித்தேன். அவர்கள் சபை ஆட்கள் இருபது பேர் கல்லறை மதிலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வந்து ஒரு ஜெபம் மட்டும் சொல்லிக்கொள்ளட்டுமா என்று ஹரிஹரன் என்னிடம் கேட்டான். கூடாது என்றேன். சரி மாமா என்று போய் அவர்களோடு நின்றுகொண்டான்.

எட்டாம் நாள் அவளுடைய சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு புடவை, கண்ணாடி, உன் எழுத்து இருந்த ஒரு தாள். அன்று நான் போன பிறகு என்ன நடந்தது என்று நானாகத்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“நோவடிக்கணும்னு இத சொல்லல மாமா. வெளியேருந்து காதுல வுழுந்துச்சு, ஏன் நீ அப்டி சொல்லிட்டேனு அதாண்ட கேட்டேன். அப்பா காலைலேருந்து நின்னுகினே கீறாரு, சரின்னா குந்துவாருனு பாத்தேன்னு சொல்லிச்சு. அப்பால கதவாண்டயே பாத்துகினு இருந்துச்சு.”

மகனே, அவள் திரும்பி வரவில்லை. போன இடத்தில்தான் கடைசிவரை இருந்தாள். என் கால் வலிக்கிறதே என்று ஒரு ‘சரி’ சொன்னாள். அதை வைத்து ஊருக்கு முன்னால் நான் சாட்சி சொல்லிவிட்டேன்.

அன்றே சாமியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பொய்ச் சாட்சியால் ஒருத்தியைக் கல்லறைக்குள் கொண்டுவந்துவிட்டேன், என்ன தண்டனையோ கொடுங்கள் என்றேன். அவர் சின்ன வயசுக்காரர். உபதேசியாரே, அவள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன் என்றார். எங்கே முழுகியிருந்தாலும் அவள் உங்கள் மகள், வீட்டார் வந்து கேட்டால் நான் இடம் கொடுத்திருப்பேன், அப்படிக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு என்றார். பழைய சாமியார் காலத்தில் சொன்னதை நீங்கள் இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். அப்படியானால் வேண்டாவின் புருஷன் என்றேன்.

மணிக்கயிற்றையும் கோயில் சாவியையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேண்டா வீட்டுக்கும் போனேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். இப்ப வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது என்றாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

நீ படிக்கிற அந்தச் சண்டையைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் ‘சரி’ அவளுடையதா, கடவுள் சொல்ல வைத்ததா, என்மேல் இருந்த பாசம் சொன்னதா? யாராவது பண்டிதர் இதற்குப் பதில் எழுதியிருந்தால் எனக்கு அனுப்பாதே. அந்த இடது பக்கத் தாள்களை இப்போது ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். ரெஜினா கேட்ட கேள்விகள் முக்கால்வாசி அதில் இருக்கின்றன.

உன்மேல் குற்றம் எதுவும் இல்லை. வாசிக்காதே என்றுதான் நீ எழுதினாய். அதை மனதில் போட்டு வருத்திக்கொள்ளாதே, சரியாகச் சாப்பிடு. ஹரிஹரனுக்கு ஒரு போன் செய். கல்யாணத்துக்குப் பிறகு நீ அவனிடம் பேசியதே இல்லை. அவன் தனியாக இருக்கிறான்.

அடுத்த வருடம் நீ குருப்பட்டம் வாங்கிக்கொண்டு வருவாய். நான் உன்னைச் சாமி என்று கூப்பிட்டு உன் கைகளை முத்தி செய்ய வேண்டும். அன்றைக்கு உனக்கு எதுவும் சொல்ல எனக்கு வாய் வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன். சாகக் கிடக்கிற யாராவது உன் கையைப் பிடித்தால், கடைசிப் பூசுதலுக்கு எண்ணெய் எடுத்து வருகிறேன், ஜெபப் புத்தகம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடாதே ராசா. எதுவாக இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் பக்கத்தில் உட்கார்.

ரெஜினாவுக்கும் உனக்கும் அப்பா,
முத்துசாமி