பத்தாம் வகுப்பிலேயே ஓய்வு பெற்றவளின் மனு

அனுப்புநர்
அ. பிரவீணா, த/பெ. அறிவரசன்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
கிழக்குத் தெரு, வெண்ணாவல்மேடு,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு – எனக்கு மட்டும் அளிக்கப்பட்ட விலக்கை வகுப்பு முழுவதற்கும் வழங்கக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மேல் யாரும் குறை சொல்லவில்லை; நானும் யார் மேலும் குறை சொல்ல எழுதவில்லை. ஆனாலும் இது புகார்தான்.

1. எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஜூலை முதல் ஞாயிறுதோறும் காலையிலிருந்து மாலை வரை சிறப்பு வகுப்பு நடக்கிறது. எங்கள் வகுப்பில் கிறிஸ்தவப் பெண் நான் ஒருத்திதான். "ஞாயிறு எங்களுக்கு ஓய்வுநாள், ஆலயத்துக்குப் போக வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் உடனே அனுமதித்தார். அதற்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

2. அந்த அனுமதியை அறிவிப்புப் பலகையில், "ஞாயிறு வகுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்: அ. பிரவீணா" என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளியில் என் பெயர் 'ரிட்டையர்டு'. "என்னாடி, பென்ஷன் வந்துருச்சா?" என்று என் தோழி அம்சவள்ளி தினமும் விசாரிக்கிறாள். அறிவியல் ஆசிரியை தனம் அவர்கள், "ஓய்வுநாளு சனிக்கெழமைல்ல வரும்? நீ ஞாயித்துக்கெழமையக் கேட்டு வாங்கியிருக்க!" என்றார்கள். ஏழாம் நாள் சனிதான். இயேசு உயிர்த்தெழுந்தது ஞாயிறு என்பதால் நாங்கள் ஞாயிறன்று கூடுகிறோம் என்று விளக்கினேன். "செரி செரி, ரெண்டையும் கேட்டுறாத" என்றார்கள். பள்ளிக் காவலர் அய்யாக்கண்ணு அவர்கள் மட்டும் சிரிக்காமல், "எந்தச் சாமிம்மா எனக்கு லீவு குடுக்கும்? பேரச் சொல்லு, நாளைக்கே சேந்துர்றேன்" என்றார்.

3. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று ஆலயத்துக்குப் போகும் வழியில், பள்ளி வாசலில் அம்சவள்ளியின் அம்மா திருமதி ஜெயசித்ரா அவர்கள் தூக்குச்சட்டியோடு நிற்பதைப் பார்த்தேன். அவர் திருச்சியில் ஒரு விடுதியில் தங்கிச் சமையல் வேலை செய்கிறார். சனிக்கிழமை மாலை வந்து, ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். மகளுக்குப் பிடித்த கோழிக்குழம்பு வைத்து எடுத்து வந்திருந்தார். உள்ளே கணக்குத் தேர்வு நடந்ததால் மகளைப் பார்க்க முடியவில்லை. "நான் வந்தா அது போவுது, அது வந்தா நான் பஸ் ஏறிடுறேன். ஒங்க சாமிகிட்ட சொல்லி எங்க பாப்பாவுக்கும் ஒரு நாளு வாங்கிக் குடேன் கண்ணு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

4. அன்று ஆலயத்தில் பத்துக் கட்டளைகளை வாசித்தார்கள். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையின் முதல் வரியைத்தான் இதுவரை மனப்பாடம் செய்திருந்தேன், மீதியைக் கவனித்ததில்லை. 'நீ வேலை செய்யாதே' என்பதோடு அது நிற்கவில்லை. உன் மகன், மகள், வேலையாள், மாடு, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கும் வெளியூர்க்காரர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகிறது. கழுதை வரைக்கும் யோசித்த கட்டளை அம்சவள்ளியை விட்டுவிடுமா என்று நினைத்தேன். (கழுதையோடு சேர்த்துவிட்டதாக அவள் கோபிக்கக் கூடாது. இம்மனுவை அவளும் படிக்கப்போகிறாள்.)

வீட்டுக்கு வந்து மேலும் படித்தேன். இக்கட்டளைக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. கடவுள் உலகைப் படைத்து முடித்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது ஒன்று. கட்டளையை முதலில் பெற்ற மக்களைப் பார்த்து, நீங்களும் எகிப்தில் ஓய்வில்லாத அடிமைகளாக இருந்தவர்கள்தானே, அதை மறக்காதீர்கள் என்பது மற்றொன்று. என் பூட்டனார் பண்ணையாளாக இருந்தவர். அவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். ஆகையால் இரண்டாவது காரணம் எனக்குச் சீக்கிரமே விளங்கியது. ஓய்வுநாள் என்பது வாசலுக்குள் இருக்கும் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. எனக்கு மட்டும் கிடைத்திருப்பதற்கு விடுப்பு என்றுதான் பெயர்.

5. இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது நல்லாத்தாம்மா இருக்கு. ரிசல்ட் கொறஞ்சா மேலேருந்து என்னையத்தானே கேப்பாங்க? ஆபீஸ்லேருந்து ஒரு வார்த்தை வரட்டும், அன்னைக்கே நிறுத்திப்புடுறேன்" என்றார். அந்த 'மேலே' தாங்கள்தான் என்று விசாரித்து அறிந்து இம்மனுவை எழுதுகிறேன்.

6. எனவே ஐயா அவர்கள்,

(அ) ஞாயிறு வகுப்பை நிறுத்த உத்தரவிட வேண்டுகிறேன். ஈடாக, மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் முன்னதாக வர வகுப்பு முழுவதும் சம்மதித்துள்ளது. தனம் ஆசிரியையும் சம்மதம் தெரிவித்து, "எங்க வூட்டுக்காரரு இட்லி ஊத்தக் கத்துக்கணும், அவ்வளவுதானே" என்றார்கள்.

(ஆ) அன்று பள்ளி திறக்காவிட்டால் அய்யாக்கண்ணு அவர்களுக்கும் விடுமுறை அளிக்க வேண்டுகிறேன். அதற்காக அவர் எந்தச் சாமியிலும் சேரத் தேவையில்லை.

(இ) இவை இயலாது எனில், எனக்கு அளித்த விலக்கை ரத்து செய்ய வேண்டுகிறேன். ஆலயம் முடிந்ததும் நேராக வகுப்புக்கு வந்துவிடுகிறேன். தோழிகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஓய்ந்திருக்க மனம் ஒப்பவில்லை.

முதல் கோரிக்கையே நிறைவேறும் என்று நம்புகிறேன். திருமதி ஜெயசித்ரா அவர்கள் இந்தச் சனிக்கிழமையும் மாலைப் பேருந்தில் வருகிறார். அதற்குள் தங்கள் உத்தரவு வந்துவிட்டால், அம்சவள்ளி மறுநாளுக்குச் சீருடை தேய்த்துக்கொண்டிருக்க மாட்டாள். நிறுத்தத்துக்கே போய் அம்மாவின் பையை வாங்கிக்கொள்வாள்.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும் மாணவி,
அ. பிரவீணா

இடம்: வெண்ணாவல்மேடு
நாள்: 08.09.2025, திங்கட்கிழமை
(நேற்றே எழுதியிருப்பேன். நேற்று ஓய்வுநாள்.)