உறை மாறி வந்த கடிதம்

1. கையில் கொடுத்தனுப்பியது

அன்புள்ள கிறுக்குத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் ஒரு நர்ஸம்மாவின் வெள்ளைச் சீருடைக்குள், காலர் நிற்பதற்கு வைக்கும் அட்டைக்குப் பின்னால் ஒளிந்து எல்லை தாண்டி வருகிறது. மடித்தது நான்தான், கசங்காது. அவரைத் துருவித் துருவி எதுவும் கேட்காதே. குடிக்க ஏதாவது கொடு, நன்றி சொல்லி அனுப்பிவிடு.

போன மாதம் உன் கையெழுத்தில் ஓர் உறை வந்தது. ஒட்டின இடம் லேசாக அலை அலையாக இருந்தது. இருபது வருஷமாக இஸ்திரிக் கடை நடத்துகிறவளிடமா நீராவி பட்ட தாளைக் கொடுத்து ஏமாற்றுவது? யாரோ ஆவி காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறான். என்னைவிட நேர்த்தியாக ஒட்டியிருந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருந்தது உன் கடிதமே இல்லை. யாரோ ஒரு கப்பல்காரர் தன் மனைவிக்கு எழுதியது. பூனை குட்டி போட்டதா, கீழே இருக்கும் கடிகாரக் கடையில் எல்லாக் கடிகாரமும் ஒன்றாக அடித்து இன்னும் உன் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பு. கடைசிப் பத்தி அந்நியர் படிக்கக் கூடாதது. நான் இரண்டு தடவை படித்தேன். காது சூடாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த உறை பிரிக்கிறவனை மனசாரத் திட்டவும் என்னால் முடியவில்லை.

அதே வாரம் ஓர் அதிகாரி இரண்டு சட்டைகளோடு கடைக்கு வந்தார். மரியாதையான மனுஷர். சட்டைகளில் ஒரு சுருக்கம்கூட இல்லை, பிறகு எதற்குத் தேய்க்கக் கொண்டுவந்தார் என்று எனக்கு அப்போதே உதைத்தது. 'அப்பா கண் ஆபரேஷனுக்கு உங்க தம்பி வர்றாராமே, நல்லது, நீங்களும் வரச்சொல்லி ஒரு வரி எழுதிடுங்க, ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுடுவோம்' என்றார். நீ வரப்போவது எனக்கே தெரியாது! உன் கடிதத்தை அவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள், நான் ஒருத்திதான் படிக்கவில்லை. நீ போட்ட ஒரே ஒரு கேலிப்படத்துக்கு இரண்டு கேள்வியாம். அந்தப் படத்தை அச்சில் ஏற்றிய உன் பத்திரிகை ஆசிரியர் இதே இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லப் போய்ப் பதினான்கு மாதமாகிறது. இன்னும் வீடு திரும்பவில்லை.

நீ எனக்கு என்ன எழுதினாய், அது எந்த வீட்டில் கிடக்கிறது என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் கடிகாரக் கடை மூன்று. தேய்த்த துணி கொடுக்கப் போகிற சாக்கில் மூன்றுக்கும் போனேன். மூன்றாவது கடையின் மாடியில் ஒரு டீச்சர், பூகோளம் நடத்துகிறவர். 'நீங்க யாருன்னே தெரியாது, எனக்குக் கடிதம் எதுவும் வரல' என்று கதவைச் சாத்தப் பார்த்தார். அவர் காலடியில் மூன்று பூனைக்குட்டிகள். நான் கப்பல்காரரின் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே கடைசிப் பத்தி வரை படித்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் பேசினோம்.

உன் கடிதத்தை அவர் அடுப்பில் போட்டுவிட்டாராம். பயம். ஆனால் போடுவதற்கு முன் நாலு தடவை படித்தாராம். பிள்ளைகள் நதிகளின் பெயரை ஒப்பிப்பதுபோல் முதல் வரியிலிருந்து ஒப்பித்தார். பத்தாம் தேதி புறப்பட நினைக்கிறேன், 'வா' என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும் அக்கா என்று நீ கேட்டிருந்ததை முன்பின் தெரியாதவர் வாயால் கேட்டேன். அழுதுவிட்டேன். கடிதத்தின் அடியில் நீ போட்டிருந்த படத்தை மட்டும் அவரால் ஒப்பிக்க முடியவில்லை. ஒரு ஆளு, நீள மூக்கு, அந்த மூக்கு உறைக்குள்ள போயி, பசையில ஒட்டிக்கிட்டு என்று தொடங்கியவர் சிரிப்பில் நிறுத்திவிட்டார். விரலைத் தண்ணீரில் நனைத்து மேடைமேல் வரைந்து காட்டினார். அது காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அதற்கு முன் எப்போது சிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை. கடையில் இப்போது யாரும் பேசுவதில்லையடா. முன்பெல்லாம் ஒரு சட்டை தேய்த்து முடிப்பதற்குள் அரசாங்கத்தையே மாற்றி அமைத்துவிடுவார்கள். இப்போது வெயிலைப் பற்றி மட்டும்தான் பேச்சு, அதையும் புகழ்ந்துதான். பத்திரிகையில் உன் படம் வந்த கட்டத்தில் ரோஜாச்செடி வளர்ப்பது எப்படி என்று போடுகிறார்கள். ஆனாலும் துணி சுற்ற நான் பேப்பரை விரித்தால் எல்லார் கண்ணும் முதலில் அந்தக் கட்டத்துக்குத்தான் போகிறது.

ஒரு விஷயம் என் மண்டையைக் குடைகிறது. உறைகளைப் பிரித்து வரிக்கு வரி மை பூசி மறைக்கிற அந்த ஆள் உன் படத்தை ஏன் அப்படியே விட்டான்? தன்னையே பார்த்துச் சிரித்து, சிரித்த கையோடு உறையை மாற்றிப் போட்டுவிட்டானோ? இல்லை, சாப்பாட்டு மணி அடித்த அவசரமோ? அவன் முகத்தை ஒரு தடவை பார்க்க ஆசையாக இருக்கிறது.

இப்போது முக்கியமானதைக் கேள். வராதே. நாளை தபாலில் இன்னொரு கடிதம் போடுவேன். போடுவதற்கு முன் அதிகாரி அதைப் பார்ப்பார். அதில் வா என்றுதான் இருக்கும். நம்பிப் புறப்பட்டுவிடாதே. அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். 'அவன் மூஞ்சியத்தான் முப்பது வருஷமாப் பார்த்தாச்சே, அங்கேயே இருக்கச் சொல்லு' என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிழைத்துக் கிட. வரைவதை மட்டும் விட்டுவிடாதே. படித்ததும் இதை எரித்துவிடு.

உன் அக்கா


2. தபாலில் போட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். ஊர் அமைதியாக இருக்கிறது. வெயில் இதமாக இருக்கிறது. பத்திரிகையில் ரோஜா வளர்ப்பு பற்றி நல்ல நல்ல குறிப்புகள் வருகின்றன. எல்லோரும் படித்துப் பயன் பெறுகிறோம்.

அப்பாவுக்குப் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். கட்டு அவிழ்க்கும்போது எதிரே நீ நிற்க வேண்டுமாம். வேறு யார் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டேன், அவன் வருகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே இருப்பேன் என்று சின்னப் பிள்ளைபோல் அடம்பிடிக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு கேள்விதான் கேட்பார்களாம்.

உன் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். மேசை ஜன்னலோரமாக நீ விட்ட இடத்திலேயே இருக்கிறது. உன் நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன். போன வாரமும் தேய்த்தேன், அதற்கு முந்தின வாரமும் தேய்த்தேன். யாரும் போடாத சட்டை எப்படித்தான் கசங்குகிறதோ.

யாரும் சொல்லி நான் இதை எழுதவில்லை. என் மனசில் இருப்பதைத்தான் எழுதுகிறேன். வா தம்பி. ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

என்றும் உன் அக்கா